ஜன்னலைத் தின்ற குளவிகள்

மூக்கக்காவுக்கு மூக்கு வேலை செய்யாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் லாபமில்லை, முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. பெரிய ஆஸ்பத்திரி லாண்டரியில் இருந்த அத்தனை பேரும் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர்கள்கூட அவளுடைய சொந்தப் பெயரை மறந்துபோயிருந்தார்கள். அந்தப் பட்டத்தைச் சம்பாதித்துக் கொடுத்த மூக்கு மட்டும் பல வருஷங்களுக்கு முன்பே செத்துவிட்டது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

துவைத்து உலர்ந்து வரும் படுக்கை விரிப்புகள் நீள மேசையில் குவியும். அவள் ஒவ்வொரு கட்டாகத் தூக்கி முகத்தில் பொத்திக்கொண்டு ஓர் இழுப்பு இழுப்பாள். "சரி" என்றால் மடிக்கப் போகும். "திரும்பப் போடு" என்றால் மறுபடி மெஷினுக்குள் போகும். இளவயசில் அது சாதாரண மூக்கா என்ன? வெள்ளைவெளேரென்று வந்த விரிப்பையும் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, இது பிரசவ வார்டு, இது தீக்காய வார்டு என்று சொல்லிவிடுவாள். மேற்பார்வையாளர் வேலை அவளுக்குக் கிடைத்ததே அதனால்தான்.

பிறகு ஒருநாள், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தரை கழுவும் ஆசிட்டைப் பிளீச்சிங் தொட்டியில் ஊற்றிவிட்டாள். பச்சையும் மஞ்சளுமாகப் புகை கிளம்பியது. எல்லோரும் வாசலைப் பார்த்து ஓட, மூக்கக்கா மட்டும் உள்ளே ஓடி, அந்தப் பெண்ணைத் தரதரவென்று இழுத்து வந்தாள். இருமல் நின்றது, கண்ணெரிச்சல் நின்றது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்து காத்திருந்து, கடைசியில் வெளியே சொல்லக்கூடிய காலம் கடந்துபோய்விட்டது. மூக்கு போன மூக்கக்காவை யார் வேலையில் வைத்திருப்பார்கள்?

அதனால் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். கட்டைத் தூக்கி முகத்தில் பொத்தும்போது ஓரக்கண்ணால் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள். அந்த முகம் லேசாகச் சுளித்தால் "திரும்பப் போடு". சுளிக்காவிட்டால் "சரி". ஒரு வாயாடிப் பெண்ணை எப்போதும் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டதற்கும் அதுதான் காரணம். அந்தப் பெண்ணின் மனசில் இருப்பது அத்தனையும் முகத்தில் ஓடும். இப்படியே வருஷங்கள் ஓடின, ஒரு விரிப்பும் தப்பிப் போகவில்லை.

புருஷனிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். புருஷனிடம்தான் சொல்லவே முடியாது. அவர் அதே ஆஸ்பத்திரியில் பாய்லர் ஆபரேட்டர், ராத்திரி ஷிப்ட். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காலையில் நீராவி வரவில்லை என்று சண்டை போட பாய்லர் ரூமுக்குப் போனவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். "கேஸ் வாடை வருது, வெளியே வாங்க" என்றாள். ஜலதோஷத்தில் மூக்கடைத்துக் கிடந்த மனிதர் சிரித்தார். அவள் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து வெளியே போட்டாள். அன்றைக்கு ஒரு தீப்பொறி விழுந்திருந்தால் அவர் புகைபோக்கியோடு சேர்ந்து வானத்துக்குப் போயிருப்பார். அதிலிருந்து அவருக்கு ஒரே பாட்டுத்தான்: "என் உயிரு என் பொண்டாட்டி மூக்குல இருக்கு." கடைக்காரரிடம் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வார். அந்த மனிதரிடம் போய், அந்த மூக்கு போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

வீடு ஊர்க்கோடியில் இருந்தது. முன்பக்கம் ரோடு. பின்பக்கம் நிலம் சரிந்து இறங்கி, ஒரு புதர்க்காட்டில் முடியும். சரிவின் பாதியில் ஏழு தேன்பெட்டிகள். ஒரு வெயில் காலத்தில் லாண்டரிக் கழிவுக் குழாய் மேல் வந்து தொங்கிய தேனீக் கூட்டத்தை அவள் ஒரு தலையணை உறைக்குள் சரித்துக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கண்டக்டர் என்னவென்று கேட்டதற்கு "பஞ்சு" என்றாளாம். அந்த ஒன்றுதான் பெருகிப் பெருகி ஏழானது. மூக்கு போன பிறகு அவளுக்கு அந்தப் பெட்டிகள் மேல் பிரியம் இன்னும் கூடிவிட்டது. தேனீ வளர்க்கக் காது போதும். தினமும் காலையில் ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்பாள். பசியா, ராணி இருக்கிறாளா, கூட்டம் பிரியப் போகிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். உலகத்தில் அவள் யாரையும் ஏமாற்றாமல் இருந்த ஒரே இடம் அதுதான்.

போன வருஷம் தோட்டத்துக் குழாயடியில் ஒரு சாதாரணக் குளவி அவள் புருஷனைக் கழுத்தில் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, உதடு நீலமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி உடனே கிடைத்ததால் பிழைத்தார். "அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்கும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அவசரத்துக்குப் போட்டுக்கொள்ள ஓர் ஊசியைக் கொடுத்தார், அதுவும் ஒரு கொட்டுக்குத்தான் தாங்கும் என்றார். பெட்டிகளைக் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் அழுதாள். "தேனீ என்ன பாவம் பண்ணிச்சு? என்னைக் கொட்டினது அது இல்லையே" என்று மனிதர் ஒரே பிடியாக நின்றார். அன்றிலிருந்து அவர் பின்பக்கம் போவதில்லை. காலையில் ஷிப்ட் முடிந்து வந்து, ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்குவார்.

இந்த வருஷம் வேறு குளவி வந்தது.

முதலில் அது லாண்டரிக்குத்தான் வந்தது. பஸ் ஷெட் பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு ஆளின் மெஷின், மண்ணுக்குள் இருந்த கூட்டின் மேல் ஏறிவிட்டது. ஆள் ஓடியிருக்கிறார், துரத்திப் போய்க் கொட்டியிருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பேச்சு இருந்ததாம். சாயந்திரம் ஆளே இல்லை. மறுநாள் அவர் படுத்திருந்த விரிப்பு துவைத்துக் காய்ந்து மேசைக்கு வந்தது. மூக்கக்கா அதை விரித்தபோது மடிப்புக்குள்ளிருந்து ஏதோ டக்கென்று மேசையில் விழுந்தது. கட்டைவிரல் நீளம். ஆரஞ்சு நிறத்தில் அகலமான தலை, பக்கவாட்டில் பெரிய கண், கத்தரிக்கோல் மாதிரி தாடை. வெந்நீரிலும் பிளீச்சிங்கிலும் சுழன்று, சூட்டில் காய்ந்து வந்தும் ஒரு கால்கூட உடையவில்லை.

"செத்துடுச்சுல்ல?" என்று கேட்டாள் வாயாடி, சுவரோடு ஒட்டிக்கொண்டு.

"செத்துடுச்சு" என்றாள் மூக்கக்கா. ஆனால் அதைக் குப்பையில் போட அவளுக்கே கை வரவில்லை. அந்த முகம் அவளைத் திருப்பிப் பார்ப்பதாகவே தோன்றியது.

அந்த வாரமே நகராட்சியிலிருந்து குளவிக்காரர் வந்தார். குளவிக்கூடு அழிப்பதுதான் அவர் உத்தியோகம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் அவரைக் கூப்பிட்டார்கள். தேன்பெட்டி வைத்திருக்கும் வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"பஸ் ஷெட் கூட்டை எடுத்துட்டோம்கா. இன்னொன்னு இந்தப் பக்கம் எங்கயோ இருக்கு, இன்னும் கண்டுபிடிக்க முடியலை. ஒண்ணே ஒண்ணு தனியா வரும். பெட்டியைச் சுத்திப் பாக்கும், தன் உடம்பை அதுல தேய்க்கும். அது ஒரு அடையாளம். அந்த வாடையைப் பிடிச்சுட்டுத்தான் மத்ததெல்லாம் கூட்டமா வரும். வந்துட்டா உங்க தேனீ அத்தனையும் ஒரு மத்தியானத்துக்குத் தாங்காது. தலையைத் தலையைக் கடிச்சுப் போட்டுட்டு, பெட்டியை அதுங்க எடுத்துக்கும். அதனால தனியா வர்றதைத் திரும்பிப் போக விடாதீங்க."

"வாடைன்னா, நமக்குத் தெரியுமா?"

"சில பேருக்குத் தெரியும். அழுகின பழ வாடை மாதிரி இருக்கும்கறாங்க. எனக்குப் புகை போட்டுப் போட்டு மூக்கு மந்தம். நீங்கதான் மூக்கக்காவாச்சே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவள் குனிந்தாள். ஏழு பெட்டியின் வாசலிலும் முகத்தை வைத்து இழுத்தாள். அவளுக்குக் காற்று மட்டும்தான் உள்ளே போனது. பார்த்துப் படிப்பதற்கு வாயாடியின் முகம் அங்கே இல்லை. குளவிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"ஒண்ணுமில்லை" என்றாள் நிமிர்ந்து. அவர் நம்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே முதல் குளவி வந்தது. புருஷன் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி மைதானத்தில் ஆடிய ஷட்டில் பேட் அலமாரி மேல் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தடித்த கோட்டு, வலைத்தொப்பி, கையில் பேட். வேலைக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் பெட்டிகளுக்கு முன்னால் நின்று, வருகிறதை அடித்து வீழ்த்தினாள். ஆரம்பத்தில் காற்றைத்தான் அடித்தாள். புருஷன் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மணிக்கட்டைத் திருப்பு, முன்னால் போய் அடி என்று கையாலேயே பாடம் நடத்தினார். ஒன்றை நடுநரம்பில் அடித்துச் சாய்த்த அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குதித்துக் கைதட்டினார். வருஷக்கணக்கில் அவர்கள் சேர்ந்து அவ்வளவு சிரித்ததில்லை.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "பேட்டை வெளியே போட்டுடாதே. பனியில நனைஞ்சா நரம்பு தளர்ந்துடும்." அதனால் தினமும் பேட் உள்ளே வந்தது. நரம்புகளுக்கு இடையில் சிக்கியதை ஒரு பழைய தலையணை உறையால் துடைத்து, படுக்கையறை ஜன்னல் பக்கத்து ஆணியில் மாட்டுவாள். துடைத்த உறை சமையலறை ஓரத்து அழுக்குக் கூடையில் கிடக்கும். கோட்டும் தொப்பியும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். லாண்டரியில் அவ்வளவு சுத்தம் பார்க்கிறவள் வீட்டில் ஏன் இப்படி விட்டாள் என்றால், கண்ணுக்குக் கறை தெரியாதது எல்லாமே அவளுக்குச் சுத்தம்தான்.

கொஞ்ச நாளில் பெட்டிப் பக்கம் குளவி வருவது நின்றுபோனது. ஒழிந்தது சனியன் என்று அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். பெட்டியில் காதை வைத்தால் சத்தம் நிறைவாகக் கேட்டது.

"ஜன்னல்ல ஒண்ணு வந்து உக்காந்திருந்துச்சு" என்றார் அவர் ஒரு சாயந்திரம், ஷிப்டுக்குக் கிளம்பும்போது. "ரொம்ப நேரம். நகரவே இல்ல. உள்ள எட்டிப் பாத்துட்டே இருந்துச்சு."

"சாத்தித்தானே இருக்கு?"

"சாத்தித்தான் இருக்கு."

அதற்கு அடுத்த நாள்களில் அவருக்குத் தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கர் கர் என்று விட்டு விட்டு, யாரோ மரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி. எலி என்று நினைத்தார். ஜன்னல் திட்டில் மெல்லிய மரத்தூள் விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கரையான் என்றார். மூக்கக்கா தூளைத் துடைத்தாள். மறுநாள் மறுபடி இருந்தது, இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அந்தச் சத்தம் பகலில் மட்டும்தான் கேட்டது, அவர் தனியாகப் படுத்திருக்கும்போது மட்டும்.

இதைவிட அவளை அரித்தது வேறொன்று. அவர் படுக்கையில் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுக்க ஆரம்பித்திருந்தார். லீவு நாளில் பக்கத்தில் போய்ப் படுத்தால் மெல்ல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அவள் தோளில் தலை சாய்க்க வந்தவர், சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். இந்த வயசில் இந்த மனிதருக்கு நான் சலித்துப்போனேனா என்று அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். கேட்க ரோஷம் விடவில்லை.

அவர் மனசில் ஓடியது என்னவென்றால், அந்த அறையில் ஒரு வாடை அடித்தது. இனிப்பும் அழுகலும் கலந்த வாடை. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. ஆனால் யார் வீட்டில்? மூக்கக்கா வீட்டில்! எந்த வார்டு விரிப்பு என்று முகர்ந்து சொல்கிறவள் இதே அறையில்தானே படுக்கிறாள்? அவளுக்குத் தெரியாத வாடையா? ஏதாவது தேனீ மருந்து வாங்கி வைத்திருப்பாள் என்று முதலில் நினைத்துக்கொண்டார். பிறகு அது அவளுடைய கழுத்திலிருந்தும் முடியிலிருந்தும் வந்தபோது, வயசானால் உடம்பு மாறும், நோய்கூட இருக்கலாம், அவளுக்கே தெரிந்துதான் மறைக்கிறாளோ என்று பயந்தார். பெண்டாட்டியிடம் உன்மேல் நாற்றம் அடிக்கிறது என்று சொல்ல எந்தப் புருஷனுக்கு வாய் வரும்? பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு லாண்டரியில் பெரிய மெஷின் படுத்துவிட்டது. ரிப்பேருக்குத் துணையாகச் சில பேரை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவர்களை மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூக்கக்கா தன் வீட்டு வாசலில் சாவியைப் போடும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. இத்தனை நாள் அவர் சொன்ன சுரண்டல் சத்தம். ஒன்றிரண்டு அல்ல. வீடே எதையோ மென்றுகொண்டிருந்தது.

படுக்கையறைக் கதவைத் திறந்தாள். ஜன்னல் கண்ணாடி பாதி இருட்டாக இருந்தது. வெளிப்பக்கம் அத்தனை குளவிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. எதுவும் பறக்கவில்லை, எதுவும் ரீங்கரிக்கவில்லை. எல்லாம் தலையைக் கீழே கவிழ்த்து மரச்சட்டத்தைக் கடித்துக்கொண்டிருந்தன. சட்டத்தின் மூலையில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை விழுந்திருந்தது. வெளிச்சம் அதன் வழியாக உள்ளே வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. மறைகிறபோதெல்லாம் ஓட்டையில் ஆரஞ்சு நிறத் தலை ஒன்று அசைந்தது.

அவர் கட்டிலின் மறுகோடியில் சுவரோடு ஒட்டி, போர்வையைக் கழுத்து வரை இழுத்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி டப்பா. உதட்டில் ரத்தமே இல்லை.

"மெதுவா வாங்க" என்றாள். "சுவரோரமா."

அவர் ஜன்னலைத் தாண்டித்தான் கதவுக்கு வர வேண்டும். முதுகைச் சுவரில் தேய்த்தபடி ஒவ்வொரு அடியாக வந்தார். அவர் வந்ததும் அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டையும் தொப்பியையும் ஆணியில் இருந்த பேட்டையும் எட்டி எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். பழக்கதோஷம், குளவி என்றால் கை தானாகப் பேட்டைத் தேடும். இருவரும் சமையலறைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவள் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவர் குடித்து முடிப்பதற்குள் படுக்கையறைச் சத்தம் நின்றது.

பிறகு சமையலறை ஜன்னலில் டொக்கென்று ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

"நம்ம பின்னாடியே வருதுங்க" என்றார் அவர். "ஏன் நம்ம பின்னாடியே வருது? நீ வெச்சிருக்கியே ஒரு மருந்து, அதுக்கா வருது?"

"என்ன மருந்து?"

"அதான், அந்த வாடை."

"என்ன வாடை?"

அவர் அவளையே பார்த்தார். "விளையாடாதே. இப்பக்கூட வீடே நாறுதே. அழுகின பழம் மாதிரி. உனக்கு வரலையா?"

அழுகின பழம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குக் குளவிக்காரர் சொன்னது எல்லாம் ஒன்றாக வந்து மோதியது.

"எனக்கு எதுவுமே வராதுங்க" என்றாள்.

"எதுவுமேன்னா?"

"மூக்கு போயிடுச்சு. அந்தப் பொண்ணு தொட்டியில ஆசிட் ஊத்தினாளே, அன்னைலருந்து."

வெளியே தாடைகள் மரத்தில் ஆரம்பித்துவிட்டன. அந்த நேரத்திலும் மனிதருக்குக் கேட்கத் தோன்றியது இதுதான்: "நான் வாங்கிட்டு வந்த சோப்பெல்லாம் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னியே?"

"வழவழன்னு இருந்துச்சு. அதைத்தான் சொன்னேன்."

அழுவதற்கு நேரமில்லை. "இப்ப நீங்கதான் எனக்கு மூக்கு. எதுல வருதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். அவர் பேட்டை முகர்ந்து குமட்டிக்கொண்டு தள்ளினார். கோட்டை முகர்ந்தார். பிறகு எழுந்து அவள் தலைமேல் குனிந்தார், கைகளை எடுத்து முகர்ந்தார். எல்லாவற்றிலும் இருந்தது.

"குளவிங்க இந்த வாடையை வெச்சுத்தான் தேன்கூட்டுக்கு அடையாளம் போடும்" என்றாள். "அடிச்சு நசுக்கி நசுக்கி, அத்தனை அடையாளத்தையும் நானே கொண்டுவந்து நம்ம ரூம்ல மாட்டியிருக்கேன். அதுங்களுக்கு இந்த வீடு ஒரு தேன்கூடுங்க. வாசல் சின்னதா இருக்குன்னு கடிச்சுப் பெருசாக்குது."

"அப்ப நாம?"

"நாம தேனீ."

கோட்டை மாட்டினாள், வலைத்தொப்பியை இழுத்து விட்டாள். அழுக்குக் கூடையில் இருந்த உறையைப் பேட்டில் சுற்றிக் கட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உள்ள இருக்கற வரைக்கும் அதுங்க விடாது. ஓட்டை பெருசாகும். நான் வந்து கூப்பிடற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க. வாடை போகாம நான் உங்க பக்கத்துல வர மாட்டேன்."

பின்கதவைத் திறந்து வெளியே வந்து சாத்தினாள். ஜன்னலில் கடிக்கும் சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கினாள். இரண்டு பக்கமும் அவளுடைய தோள் உயரத்தில் அவை வந்தன. அவள் மெதுவாக நடந்தால் மெதுவாக, நின்றால் நின்று. கொட்டவில்லை. எங்கே கொண்டுபோகிறாள் என்று பார்க்க வருகிறவர்கள் மாதிரி கூடவே வந்தன.

புதருக்குள் வீசி எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் புதருக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் நடக்கிற பாதை. வெறும் பேட்டில் தின்ன எதுவும் இல்லையென்றால் திரும்ப வீட்டுக்குத்தான் வரும். அவற்றை நிறுத்தி வைக்கிற மாதிரி ஒன்று வேண்டும். அது எது என்று அவளுக்கு வாசலைத் தாண்டும்போதே தெரியும். நடுப்பெட்டியின் முன்னால் போய் நின்றாள். உள்ளே தேனீக்கள் நிம்மதியாக முனகிக்கொண்டிருந்தன. "மன்னிச்சுடுங்க" என்று சத்தமாகவே சொன்னாள். பேட்டையும் கோட்டையும் தொப்பியையும் பெட்டி வாசலில் போட்டுவிட்டு ஓடினாள்.

முதல் குளவி இறங்கியதும் தேனீக்கள் அதன்மேல் பந்தாக மொய்த்து அமுக்கியதைப் பார்த்தாள். ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பிறகு மற்றவை இறங்கின. கடிபடுகிற சத்தம் அவள் ரோட்டுக்கு வரும் வரை கேட்டது. அதற்குள் இரண்டு அவள் முழங்கையில் கொட்டியிருந்தன, பழுக்கக் காய்ச்சிய ஆணியை இறக்கிய மாதிரி.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டுப் போட்டார்கள். படு என்றார்கள், படுக்கவில்லை. குளவிக்காரருக்குப் போன் போட்டாள். "பெட்டியைப் பிடிச்சுட்டா அதுங்க அங்கேயே உக்காந்து காவல் காக்கும்கா. பாதையை நான் இப்பவே அடைக்கச் சொல்றேன். காலைல மருந்தோட வர்றேன், கிட்டப் போயிடாதீங்க" என்றார் அவர். "என் மேல வாடை போயிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டாள். "மோந்து பாருங்க, வேற என்ன" என்றார்.

லாண்டரியில் மெஷின் ரிப்பேருக்காக வாயாடியும் இன்னும் சில பெண்களும் மட்டும் இருந்தார்கள். மூக்கக்கா அவர்கள் முன்னால் போய் நின்று, கட்டுப் பிரிக்கிற கத்தரியை நீட்டி, "என் முடியை ஒட்ட வெட்டுடி" என்றாள். வாயாடி கத்தரியை வாங்கினாள். வெட்டினாள். மூக்கக்கா கட்டியிருந்த துணியெல்லாம் ஆஸ்பத்திரிக் குப்பை எரிக்கும் உலைக்குப் போனது. லாண்டரியில் இருந்த அத்தனை சோப்பையும் போட்டுத் தேய்த்துக் குளித்து, நீராவியில் நின்று, தோல் சிவக்கும் வரை மறுபடி தேய்த்துக் குளித்து, ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"இப்ப ஒவ்வொருத்தியா வந்து என்னை மோந்து பாருங்க" என்றாள். "எனக்கு மூக்கு இல்ல. ரொம்ப வருஷமா இல்ல. உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் பொழைச்சேன். பொய் சொல்லாம சொல்லுங்க, அழுகின பழ வாடை வருதா?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு வந்து அவள் தலையையும் கழுத்தையும் கையையும் முகர்ந்தார்கள். இல்லைக்கா, இல்லைக்கா என்றார்கள். வாயாடி முகர்ந்துவிட்டு அழுதாள். அழுகிற முகத்தில் என்னத்தைப் படிப்பது? மூக்கக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. பிரியத்துக்காக எவ்வளவு பெரிய பொய்யையும் சொல்லலாம் என்பது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? இந்த ஒரு பொய் தப்பினால் செத்துப்போகிறவர் அவள் புருஷன்.

வெயில் சாயும் முன் வீட்டுக்கு வந்தாள். கதவுப் பக்கம் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, சரிவில் கொஞ்ச தூரம் இறங்கி, வீட்டுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் நின்றாள். தொப்பி இல்லை, கோட்டு இல்லை. சமையலறைக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவள் அவரைப் பார்க்காமல் பெட்டிகளைப் பார்த்து நின்றாள். பொய் சொல்லத் தெரியாதவை அந்த இடத்தில் குளவிகள் மட்டும்தான்.

ஒன்று எழுந்து வந்தது. அவள் முகத்துக்கு நேராக வந்து அந்தரத்தில் நின்றது. அதன் சிறகுக் காற்று அவள் கன்னத்தில் பட்டது. பிறகு காதைச் சுற்றிப் போய், ஒட்ட வெட்டிய தலையில் இறங்கியது. ஆறு கால்களும் தோலில் ஊர்வது தெரிந்தது. நெற்றிக்கு வந்தது, புருவத்தில் நின்றது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அது எதையோ தேடியது. தேடியது கிடைக்கவில்லை. எழுந்து பெட்டிகளுக்குத் திரும்பிப் போனது.

அவள் மெல்லத் திரும்பினாள். வாசலுக்கு வந்து அவரைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. அவர் அவளுடைய மொட்டைத் தலையைப் பார்த்தார், கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். இழுத்து அணைத்துக்கொண்டு அவள் தலையில் முகத்தை வைத்து ஆழமாக முகர்ந்தார்.

"ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?" என்றார்.

"நாறுதுன்னு நீங்க சொன்னீங்களா?" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவள் அழுது முடியும் வரை அவர் பிடித்துக்கொண்டே நின்றார். பின்பக்கச் சரிவிலிருந்து காற்று வந்தது. ஏழு பெட்டிகளின் வாயிலிருந்தும் முனகல் எழுந்தது, நிறைவாக, நிம்மதியாக. அவர் தலையை நிமிர்த்திக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"கேளேன், சத்தம் வருது. கொஞ்சமாவது பொழைச்சிருக்கு."

அவளும் காதைக் கொடுத்துக் கேட்டாள். சத்தம் தேனீயின் சுருதிக்கு ஒரு படி கீழே, கனமாக இருந்தது.

"அது நம்ம தேனீ இல்லைங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.